இடது பக்கத்துச் சம்மந்தி

"அப்பம் நான் வாரேன், சம்மந்தி."

ஐயம்பெருமாள் பிள்ளை வாய் நிறைய வெற்றிலையோடு தலையை ஆட்டி விடை கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர் யாருக்கும் சம்மந்தி இல்லை. இருப்பது ஒரே மகள் கோமு; அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

இடது பக்கம் திரும்பினார். விருந்தாளிகளுக்காக விரித்திருந்த பத்தமடைப் பாயில் ஒருவரும் இல்லை. ஆனால் காதில் செருகியிருந்த குழல் வழியாக, யாரோ கையூன்றி எழுந்திருக்கும்போது பாய் நெறிபடுகிற சரசரப்பும், ஈர வேட்டி காலில் தட்டுகிற சத்தமும், அந்தச் சத்தம் முன்கூடமான பட்டாசாலையைக் கடந்து, நடையைக் கடந்து, வாசற்படியில் இறங்கிப் போவதும் ஒவ்வொன்றாகக் கேட்டது. விளக்கு வைக்கும் நேரம். ஐப்பசி மழைக்கு முந்தின புழுக்கம். அடுக்களையில் அவர் மனைவி பாலம்மாள் கடுகு தாளிக்கிற வாசனை வந்தது. அதற்கு அடியில் ஆற்றுப் பாசியின் வாசனையும் லேசாக இருந்தது.

குழல் அன்று மத்தியானம்தான் வந்திருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு மலைக்காய்ச்சலில் பிள்ளைக்குக் கொய்னா மருந்தைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார்கள். காய்ச்சல் போனது, போகிற போக்கில் காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டில்லியில் பட்டாபிஷேக தர்பார் நடக்கப்போகிறதென்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த வருடம் அது. பிள்ளைக்கு அந்தப் பேச்சும் எட்டவில்லை. காயல்பட்டினத்து வியாபாரி காஜா முகைதீன்தான் கொழும்பிலிருந்து காதுக்கு வைக்கிற சாமான்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார். முதலில் ஒரு தகரக் குழல். அதை வைத்துக்கொண்டால் கோமு தம்ளரைக் கீழே வைப்பதுகூட மண்டைக்குள் இடிவிழுந்த மாதிரி இருந்தது. அடுத்து காதுக்குள்ளேயே செருகுகிற சின்னச் சிப்பிகள். அதில் தன் பல் அரைபடுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மூன்றாவதாக வந்ததுதான் இது: கறுப்புப் பட்டு நூல் சுற்றிய மூன்று முழ நீளக் குழாய், ஒரு நுனியில் காதுக்குள் பொருந்தும் கொம்பு மூக்கு, மறு நுனியில் ஊமத்தம்பூப் போல விரிந்த வாய்.

"அண்ணாச்சி, இதுவும் சரிப்படலன்னா நான் இந்த யாவாரத்தையே விட்டுட்டு தேங்கா விக்கப் போயிருவேன்" என்று காஜா முகைதீன் குழலின் வாயில் சொன்னார். பிள்ளைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. பிறகு கோமு வந்து குனிந்து "அப்பா" என்றாள். அவர் கடைசியாகக் கேட்டபோது அது சிறுமியின் குரல். இப்போது கேட்டது பதினெட்டு வயதுப் பெண்ணின் குரல். நடுவில் இருந்த நாலு வருடமும் தன்னிடம் சொல்லாமலே போய்விட்டது என்று பிள்ளை அழுதுவிட்டார். காஜா முகைதீனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியேறிப் போனார்.

அதெல்லாம் மத்தியானம். இப்போது இந்தக் குரல்.

"யாராவது வந்துட்டுப் போனாங்களா?" என்று பாலம்மாளைக் கேட்டார்.

அவள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். அவர் நீட்டிய குழலின் வாயைக் கையில் வாங்கி, தன் வாயருகே வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் வரல. ஆடி மாசத்துலயிருந்தே நீங்க இப்படித்தான் இருக்கிய. விளக்கு வச்சதும் அந்தப் பக்கத்துக்குத் தலைய ஆட்டுதிய, சிரிக்கிய, வெத்தலத் தட்டை நவுத்தி வைக்கிய. 'அதுக்கென்ன, செஞ்சிருவோம்'னு சொல்லுதிய. காது போன மனுசன் தனியா எதையாச்சும் பேசிட்டுப் போறாவன்னு நானும் விட்டுட்டேன்."

பிள்ளைக்கு வாயில் இருந்த வெற்றிலை கசந்தது.

தலையாட்டுவதில் அவர் ஒரு வித்தைக்காரர். காது போனதை ஒரு வருடம் தாலுகா கச்சேரியில், உடன் வேலை பார்த்த யாருக்கும் தெரியாமல் மறைத்தது அந்த வித்தையால்தான். எதிராளி சிரித்தால் சிரிப்பது. புருவத்தை உயர்த்தினால் "ஆமா ஆமா". பேச்சை நிறுத்திவிட்டு முகத்தையே பார்த்தால் "அதுக்கென்ன, செஞ்சிருவோம்". ஜமாபந்திக்குக் கணக்குப் பார்க்கப் புதிதாக வந்த துரை, பதிவேட்டைத் திருத்தியது நீர்தானா என்று கேட்க, பிள்ளை மலர்ந்த முகத்தோடு "ஆமா துரை" என்றார். அத்தோடு உத்தியோகம் போயிற்று. வித்தை மட்டும் போகவில்லை. பேசுகிறவர்களை நேருக்கு நேர் பார்த்தால் "கேக்கா? கேக்கா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார்கள் என்று, பக்கத்தில் யாரோ உட்காருவது போலத் தோன்றினாலே திரும்பாமல் முன்னால் பார்த்துக்கொண்டு, தலையாட்டி, வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த இடது கைப் பக்கம் சில சாயங்காலங்களில் சில்லென்று ஆகும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவரும் நினைத்துக்கொள்வார்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள் பாலம்மாள். "நீங்க நவுத்தின தட்டு திரும்பி வரும்போது அதுல நம்ம பாக்கு இருக்காது. வேற பாக்கு. கறுத்து, ஊறிப்போயி இருக்கும். நீங்கதான் எங்கனயோ வாங்கி வச்சிருக்கியன்னு தெனமும் காலையில தூரப் போட்டேன்."

தட்டு மாற்றியாகிவிட்டது. தகப்பன் வாயால் சரி என்று சொல்லி, வெற்றிலை பாக்குக் கைமாறிவிட்டால் அவர்கள் சாதியில் பெண் கொடுத்த மாதிரிதான். அப்புறம் பேச்சுக்கு இடமில்லை. ஆடிக்குப் பிறகு கோமுவைப் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளை வீட்டாரும் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போனதன் காரணம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கடைசியாக வந்தவர்கள் ஆள்விட்டு, உங்கள் வீட்டில் ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டதாமே, தெருவில் ஒரு பெரியவர் சொன்னார் என்று கேட்டிருந்தார்கள்.

மறுநாள் புதன்கிழமை. பிள்ளை பொழுது சாயும் முன்பே இரண்டு விளக்குகளை ஏற்றச் சொன்னார். கோமுவை உள்ளறையில் இருத்திவிட்டு, குழலைக் காதில் பொருத்தி, விரிந்த வாயைப் பாயின் மேல் வைத்து உட்கார்ந்தார். இனி ஏமாறுவதில்லை, யாரென்று பார்த்துவிடுவது, வேண்டாமென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது. வீட்டுச் சத்தமெல்லாம் குழலுக்குள் வந்து விழுந்தது: பல்லியின் சொச்சொச்சு, எண்ணெயில் திரி பொரிகிற சத்தம், தெருவில் யாரோ மாட்டை அதட்டுவது, கிணற்றடியில் கயிறு உராய்வது. பிறகு ஒவ்வொன்றாக அவை அடங்கின. பாய் நெறிபட்டது. இடது தோள் சில்லிட்டது. பாயில் யாரும் இல்லை. ஆனால் கோரை நடுவில் அமுங்கியிருந்தது.

"எல்லாம் பேசினபடிதான், சம்மந்தி. வெள்ளிக்கிழமை, விளக்கு வச்ச பொறவு. எங்க பக்கத்துல அறுபது பேர் வருவோம்."

பிள்ளையின் தலை ஆடியது. அவர் ஆட்டவில்லை. நாலு வருடப் பழக்கம், அதுவே ஆடியது.

"அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்றது அவர் வாய்.

பிள்ளை இரண்டு கைகளாலும் தன் தாடையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க யாரு? எந்த ஊரு?"

பதில் சொன்ன குரலில் மனவருத்தம் இருந்தது.

"எந்த ஊரா? தெனமும் சொல்லுதேனே, ஆத்துக்குள்ளதான்னு. நல்ல இடம்னு நீங்களும் சொன்னியளே."

வேட்டி சத்தம் எழுந்து போயிற்று. பிள்ளை கீழே குனிந்து பாயைத் தொட்டார். நனைந்திருந்தது.

வியாழக்கிழமை முழுவதும் அவர் உட்காரவில்லை. பட்டாசாலைக்கும் நடைக்குமாக நடந்தார். சோறு இறங்கவில்லை. இந்த வீட்டை விட்டுத் தள்ளி, மகளை எங்காவது கொண்டுபோய்விட வேண்டும், அது ஒன்றுதான் அவர் புத்தியில் ஓடியது. முக்கூடலில் அவருடைய தங்கை வீடு இருந்தது. கோமுவுக்குத் துணையாகப் போக, பாலம்மாளின் தம்பி கைலாசத்துக்கு ஆள்விட்டார். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் சேரன்மாதேவி, அங்கிருந்து மாட்டுவண்டி, இருட்டுவதற்குள் தங்கை வீட்டுக் கதவை அடைத்துவிடலாம்.

"ஏம்ப்பா, இந்த மழையில என்ன அவசரம்?" என்று கோமு குழலில் கேட்டாள்.

"சொல்லுதேன் தாயி. போயிட்டு வா. பொறவு சொல்லுதேன்."

அவள் அப்பாவுக்காகப் போனாள். எதற்கென்று அவளிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. பொதிகைப் பக்கம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. பிள்ளை பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார், வெற்றிலைத் தட்டை உள்ளே வைத்துப் பூட்டினார், முன்வாசல், ஆற்றைப் பார்த்த புறவாசல் இரண்டையும் தாழிட்டார். விளக்கு வைத்தார்கள். பாலம்மாள் எதிரே உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கினாள். அவள் விரல் அசைவதையே பார்த்துக்கொண்டு பிள்ளை குழலைக் காதில் வைத்தார்.

மழை. அரிசி. மழை.

பிறகு கால்கள்.

ஒருவர் இல்லை, இருவர் இல்லை. ஈரக் கால்கள், சப் சப்பென்று, தாழிட்ட கதவைக் கடந்து நடையில் ஏறின. வளையல்கள் குலுங்கின. ஒரு குழந்தை இருமியது. கிழவிகள் முனகிக்கொண்டே தரையில் அமர்ந்தார்கள். பட்டாசாலை நிறைந்தது. சுவரோரம் நிறைந்தது. பாலம்மாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது. அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விளக்கு மட்டும் தணிந்து எரிந்தது.

யாரும் பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும். அறுபது மூச்சு. ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர்.

"தரமாட்டேன்" என்றார் பிள்ளை.

பாலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குக் காது கேக்காது. கேக்காம சொன்ன வாக்கு அது. என் மகளைத் தரமாட்டேன். எல்லாரும் எந்திரிச்சுப் போங்க!"

மூச்சுகள் நின்றன.

வெகு அருகில், குழலின் வாயை யாரோ கையில் எடுத்ததை அவர் உணர்ந்தார். பட்டு நூல் இறுகியது. குழாய் இழுபட்டது.

"கோவப்படாதிய, சம்மந்தி. நீங்க காலையில அனுப்பி வச்சியளே. வந்து சேந்தாச்சு."

குழல் கை மாறியது.

"அப்பா."

அவர் மகளின் குரல். பதினெட்டு வயதுக் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் தண்ணீர்.

"வண்டி ஆத்துல இறங்குனதும் வெள்ளம் வந்துட்டுப்பா. மாட்டை அடிச்சுட்டுப் போயிட்டு. மாமாவையும் காணல. இவங்கதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க."

பிள்ளை குழாயை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"அம்மை எங்கப்பா? எனக்குக் குளிருது. அம்மைய வரச் சொல்லுங்க."

எதிரே, பாலம்மாள் சுளகைக் கீழே வைத்தாள்.

அவள் காதில் குழல் இல்லை. அவளுக்கு நல்ல காது. இத்தனை நேரம் ஒன்றும் கேட்காமல் இருந்தவள், இப்போது தலையைச் சாய்த்துப் புறவாசல் பக்கம் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"கோமு கூப்பிடுதாளே! மழைக்குப் பயந்து பாதியிலயே திரும்பி வந்துட்டா போல. மழையில நிக்கா பாருங்க."

"திறக்காத!"

அவர் புடவைத் தலைப்பைப் பிடித்தார். அவள் உதறிக்கொண்டு போனாள். குழலுக்குள் அறுபது பேரும் நகர்ந்து அவளுக்கு வழிவிட்டார்கள். வளையல்கள். கால்கள். ஒருவரையொருவர் ஒதுக்கும் மெல்லிய சத்தம்.

தாழ் விலகியது.

வெளியே மழை. இருட்டு. வேறு யாரும் இல்லை.

"வா தாயி" என்று பாலம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தக் கைகள் எதையோ சுற்றி அணைத்தன. தோள்மேல் ஏதோ சாய்ந்த மாதிரி அவள் கழுத்து ஒரு பக்கமாக ஒதுங்கியது. புடவையின் முன்பக்கம், மார்பிலிருந்து முழங்கால் வரைக்கும், ஒரு பெண்ணின் உயரத்துக்கு, நனைந்து கறுத்தது. அவள் அந்த வெற்று ஈரத்தின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

குழலுக்குள் குரவை எழுந்தது. எல்லாப் பெண்களும் சேர்ந்து, நாக்கைச் சுழற்றி, தண்ணீர் கொப்பளிக்கக் கொப்பளிக்க.

பாலம்மாள் யாரையோ அணைத்தபடியே, படியிறங்கி, ஆற்றுப் பக்கம் நடந்தாள்.