புடலைப் பந்தலுக்குள் கேட்ட குரல்

கொத்தமங்கலத்துத் தோட்டத்துக்குள் சத்தியப்பிரியா நுழைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் மதுரையில் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன். போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், கையோடு அழைத்துப்போகக் காரைக்குடியிலிருந்து தானே காரில் வந்துவிட்டாள்.

அம்மா இறந்ததிலிருந்து அப்பா தங்கச்சாமி ஒற்றை ஆளாக வளர்த்த தோட்டம் அது. செம்மண் பாத்திகளில் கத்தரியும் வெண்டையும் காய்த்துத் தொங்கின. வேலி முழுக்கத் தூதுவளை. மல்லிகை வாசனை மூச்சு முட்டவைத்தது. ஒரு களை இல்லை. ஒரு பழுத்த இலை இல்லை.

நாலடி நடந்தால் மூச்சிரைக்கும் மனுஷரால் இது எப்படி முடிகிறது?

அவர் கிணற்று மேட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"நான் செய்யலத்தா," என்றார், அவள் கேட்காமலேயே. "பாதிப் பாத்தியக் கொத்திட்டுப் படுப்பேன். விடிஞ்சு பாத்தா மீதியும் கொத்திக் கெடக்கும். மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இப்ப நான் வாசலுக்குப் போனா, என் குரல்லயே பின்னாடி கூப்பிடுறான்."

"யாருப்பா?"

தோட்டத்துக் கோடியில் மண்வெட்டி மண்ணைக் கொத்தும் சத்தம் கேட்டது.

சதக்.

சதக்.

அங்கே யாரும் இல்லை.

அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. "எந்திரிங்கப்பா. எவன் தடுக்கிறான்னு பாத்துருவோம்."

அவர் கையை இறுகப் பற்றி நடந்தாள். வாசலுக்குப் போக நீளமான புடலைப் பந்தலைக் கடக்க வேண்டும். உள்ளே இருட்டிவிட்டிருந்தது. தொங்கிய காய்கள் முகத்தில் குளிர்ச்சியாக உரசின.

பாதி தூரத்தில் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"பிரியா, நான் இங்க இருக்கேன்த்தா. நீ யாரு கையப் பிடிச்சிருக்க?"

அப்பாவின் குரல். அதே இழுப்பு. அதே மூச்சிரைப்பு. பின்னாலிருந்து.

"அப்பா, ஏதாவது பேசுங்க," என்று கிசுகிசுத்தாள்.

அவள் பிடியில் இருந்தவர் பேசவில்லை.

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"விட்டுட்டுப் போயிறாத," பின்னால் அழுகை கேட்டது. "நெஞ்ச அடைக்குது."

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். கிணற்று மேட்டில் பிடித்த கையை இந்த நொடிவரை விடவில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயம்.

"நான் பிடிச்ச கைதான் எங்கப்பா," என்றாள் உரக்க. "நீ எம்புட்டு அழுதாலும் திரும்ப மாட்டேன்."

ஏதோ அவள் பின்னலைப் பற்றி இழுத்தது. மண் வாசனை குப்பென்று அடித்தது. அவள் முன்னால் எட்டி வைத்தாள். முடி பிய்ந்தது. போகட்டும் என்று நடந்தாள்.

வாசலுக்கு வெளியே வந்ததும், "மெதுவாத்தா, கை வலிக்குது," என்றார் தங்கச்சாமி. வேர்த்துக் கொட்டியிருந்தது. அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். துடித்தது.

காரைக்குடியை நெருங்கும்போது பக்கத்துத் தோட்டத்துச் சொக்கு கூப்பிட்டார். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏத்தா, அப்பாவக் கூட்டிட்டுப் போகலையா? இங்குட்டுப் பாத்திக்குத் தண்ணி விட்டுக்கிட்டு நிக்கிறாக."

பக்கத்து இருக்கையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா என்கூட இருக்காக, சொக்கண்ணே. அங்க நிக்கிறவுககிட்ட பேச்சுக் குடுக்காம வீட்டுக்குப் போங்க."

போனில் தண்ணீர் ஓடும் சத்தம். அதற்கு மேல், நிதானமாக, அந்தக் குரல்.

"பத்திரமாப் போத்தா. தோட்டத்த நான் பாத்துக்கிறேன்."

அவள் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். தூக்கம் கலையாமலே, அப்பாவின் உதடுகளும் அதே சொற்களைச் சொல்லி மூடின.

அவள் காரை நிறுத்தவில்லை.