மாடிப்படியில் மாட்டிக்கொண்டவர்கள்

கீழ் வீட்டு இஞ்சிக்குச் சனிக்கிழமை காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டது எதுவும் காரணமில்லை. மேல் வீட்டுச் சுருட்டை, அளவு நாடாவும் கையுமாக வந்து இஞ்சியின் அறையை அளந்துகொண்டிருந்தாள். அதுதான் காரணம்.

“ஜன்னலுக்குக் கீழ என் கட்டில். அந்தப் பக்கம் தம்பியோடது. சுவரோரமா தங்கச்சிங்க ரெண்டு பேரும்,” என்று சுருட்டை விரலை நீட்டிக் காட்டினாள். “அப்பாடி, எவ்வளவு பெரிய ரூம்! உள்ளயே பந்து விளையாடலாம்!”

“விளையாடாதே. ஜன்னல் உடையும்.”

“நீ விளையாடியிருக்கியா?”

“ஒரு தடவை.”

“உடைஞ்சுதா?”

இஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடைந்திருந்தது.

இஞ்சிக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. கோபம் வந்தால் அவள் முகம் இஞ்சியைக் கடித்தது போல ஆகிவிடும். அதனால் அவளுடைய அண்ணன்கள் வைத்த பெயர் இது. அண்ணன்கள் இருவரும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். பெயர் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இப்போது மூன்று அறைகள் உள்ள அந்தப் பெரிய வீட்டில் அம்மா, அப்பா, இஞ்சி, மூன்றே பேர். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்து எல்லா அறையையும் பெருக்கித் துடைப்பதற்குள் அவருக்கு இடுப்பு ஒடிந்துவிடும். அப்பா பஸ் ஓட்டுநர். வீட்டை விடப் பஸ்ஸில் இருக்கும் நேரம்தான் அதிகம்.

மாடியில் இருந்தது சின்ன வீடு. ஒரு கூடம், இரண்டு குட்டி அறைகள். அதில் எலக்ட்ரீஷியன் மாமா, அத்தை, நான்கு பிள்ளைகள். காலையில் குளியலறைக்கு நிற்கும் வரிசை மாடிப்படி வரை வரும்.

ஒருநாள் துணி உலர்த்தும்போது அம்மா, “பேசாம வீட்டை மாத்திக்கலாமா?” என்று விளையாட்டாகக் கேட்டார். அத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாறுவது என்று முடிவாகிவிட்டது.

எல்லோருக்கும் சந்தோஷம், இஞ்சியைத் தவிர. ‘என் ரூம். என் ஜன்னல். எல்லாம் அவளுக்கு!’ என்று நாள் முழுக்க முணுமுணுத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம் தொடங்கியது.

“அந்த அலமாரி மேல நுழையாதுங்க.”

“நுழையும். இந்தக் கை எத்தனை சந்துல பஸ்ஸ நுழைச்சிருக்கு தெரியுமா?”

“பஸ்ஸுக்குச் சக்கரம் இருக்கு. அலமாரிக்கு இருக்கா?”

அலமாரியிலிருந்து சண்டை கட்டிலுக்குத் தாவியது. கட்டிலிலிருந்து துணி துவைக்கும் மெஷினுக்குத் தாவியது. இஞ்சிக்குத் தலை வலித்தது. எழுந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கூடம், அறைகள், கதவுகள், ஜன்னல்கள் எல்லாவற்றையும் அளந்தாள். தன்னுடையதாகப் போகும் குட்டி அறையின் சுவரில் இருந்த புத்தகப் பலகையைக்கூட விடவில்லை.

பிறகு கீழே வந்து கட்டம் போட்ட தாளில் புது வீட்டை வரைந்தாள். ஓர் அடிக்கு ஒரு கட்டம். வீட்டிலிருந்த சாமான்களையும் அளந்து, அதே கணக்கில் அட்டையை வெட்டினாள். ஒவ்வொன்றின் மேலும் ‘அலமாரி’, ‘கட்டில்’ என்று எழுதினாள்.

“இப்போ நகர்த்திப் பாருங்க,” என்றாள்.

அம்மாவும் அப்பாவும் தரையில் உட்கார்ந்து அட்டைகளை இங்கும் அங்கும் தள்ளினார்கள். அட்டை அலமாரியைத் தூக்க யாருக்கும் இடுப்பு வலிக்கவில்லை. கால் மணி நேரத்தில் அலமாரிக்கு ஒரு மூலை கிடைத்தது. அம்மா அப்பா கட்டிலும் இஞ்சியின் கட்டிலும் அடங்கின. அண்ணன்களின் கட்டில்களை மட்டும் கொடுத்துவிடலாம் என்று முடிவானது.

“என் தலைவலியே போச்சுடி!” என்று அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

ஒன்றே ஒன்றுதான் எங்கேயும் அடங்கவில்லை. எட்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. நெடுக்காகப் போட்டால் வாசல் கதவு திறக்காது. குறுக்காகப் போட்டால் சமையலறைக்கு மேசை மேல் ஏறித்தான் போகவேண்டும்.

“பழைய சாமான் கடைக்காரரை வரச் சொல்றேன்,” என்றார் அப்பா.

“மேல் வீட்டுல வேணுமான்னு கேட்கலாமே,” என்றார் அம்மா. “பாவம், நாலு பிள்ளைங்களும் தரையில குப்புறப் படுத்துக்கிட்டுதான் வீட்டுப்பாடம் எழுதுது.”

“அவங்களுக்கு வேண்டாமாம்!” என்றாள் இஞ்சி. வாய் முந்திக்கொண்டது.

“கேட்டியா?”

“ம். சுருட்டைகிட்ட கேட்டேன்.”

கேட்கவே இல்லை. ரூமும் அவளுக்கு, மேசையும் அவளுக்கா? நினைத்தாலே மறுபடி வயிறு எரிந்தது.

ஒரு வாரம் ஓடி, வீடு மாறும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பாவோடு வேலை செய்யும் கண்டக்டர்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். மேலே இருந்தது கீழே வந்தது. கீழே இருந்தது மேலே போனது. படிக்கட்டு முழுக்க ஆட்களும் மூட்டைகளும்.

காலியான அறையில் இஞ்சி மட்டும் நின்றாள். சுவரில் ஏழு பித்தளைக் கொக்கிகள் பளபளத்தன. அவளுடைய பைகளையும் தொப்பியையும் மாட்டுவதற்காக அப்பா பொருத்திக் கொடுத்தவை.

‘இதுவுமா அவளுக்கு?’

திருப்புளியை எடுத்தாள். ஏழையும் கழற்றித் துணிப்பையில் போட்டாள். மனசு ஆறவில்லை. ஸ்டூல் மேல் ஏறி பல்பையும் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

பாதிப் படியில் சுருட்டை எதிரே வந்தாள். கக்கத்தில் ஒரு நீளமான பலகை.

இருவரும் அப்படியே நின்றார்கள்.

“பையில என்ன?” என்றாள் சுருட்டை.

“ஒண்ணுமில்ல. அது என்ன பலகை?”

“எங்க பலகை.”

“பொய்! என் ரூம் சுவர்ல இருந்ததுதானே? புத்தகம் வைக்கறதுக்குப் படத்துலயே வரைஞ்சு வச்சிருக்கேன்!”

“இன்னிக்கு வரைக்கும் அது என் ரூம்!”

இஞ்சி பலகையைப் பிடித்து இழுத்தாள். பை சாய்ந்தது. ஒரு கொக்கி வெளியே விழுந்து ‘டிங், டிங், டிங்’ என்று படிப்படியாக இறங்கிப் போனது.

சுருட்டை அதையே பார்த்தாள். “அது என் ரூம் கொக்கி! ஏழு இருக்குன்னு எண்ணி வச்சிருக்கேன். மத்த மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு, எனக்கு நாலு.” பைக்குள் எட்டிப் பார்த்தாள். “அய்யய்ய! பல்பையுமா கழட்டுன?”

இஞ்சிக்குக் காது சூடாகிவிட்டது. “நீ மட்டும் என்னவாம்? பாக்கெட்டுல என்ன புடைச்சுக்கிட்டு இருக்கு?”

சுருட்டை தயங்கித் தயங்கி வெளியே எடுத்தாள். ஒரு தாழ்ப்பாள்.

“என் ரூம் தாழ்ப்பாளா? இது எதுக்கு உனக்கு?”

“எனக்கு எதுக்கும் இல்ல. உனக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.” சுருட்டையின் குரல் கம்மியது. “நீ மட்டும் தனியா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு ஜாலியா இருப்ப.”

“நீதானே பெரிய வீட்டுக்குப் போற!”

“வீடுதான் பெரிசு. ஒரு ரூம் அம்மா அப்பாவுக்கு. ஒண்ணு அப்பாவோட ஒயர், மோட்டாருக்கெல்லாம். மிச்சம் ஒண்ணுல நாங்க நாலு பேரும். நான் ஒரு படம் வரைஞ்சா போதும், மூணு பேரும் வந்து அதுக்கு மீசை வரைவாங்க. பூனைக்கு வரைஞ்சா பரவாயில்ல. பூவுக்கும் வரையறாங்க!”

இஞ்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இந்த ஒரு வாரமும் அவள் அந்த அறையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் போடப்போகும் நான்கு கட்டில்களை எண்ணிப் பார்க்கவே இல்லை.

“பாப்பா, வழி விடுங்க! மெத்தைக்குக் கண்ணு கிடையாது!” என்று கீழேயிருந்து குரல் வந்தது. கண்டக்டர் ஒருவர் தலையில் மெத்தையோடு ஏறி வந்தார். இருவரும் பலகையோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். மெத்தை இரண்டு பேர் மூக்கையும் தேய்த்துக்கொண்டு போனது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இருவரும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் இஞ்சி சொன்னாள்: “படம் வரையணும்னா மேல வா. தாழ்ப்பாள் போட்டுக்கலாம்.”

“நிஜமாவா?”

“தாழ்ப்பாளைத் திருப்பி மாட்டினா!”

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பழைய சாமான் கடைக்காரர் வந்துவிட்டார். அவரும் அவருடைய ஆளும் மேசையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

“அதையா கொடுக்கறீங்க?” என்றாள் சுருட்டை. “கேட்டா என்னன்னு அம்மா நினைச்சாங்க. அப்புறம், ‘தரணும்னு இருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க’ன்னு விட்டுட்டாங்க.”

இஞ்சி துள்ளி எழுந்தாள். பையைச் சுருட்டையின் மடியில் போட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

“நில்லுங்க! ஏத்தாதீங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இஞ்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, நான் சுருட்டைகிட்ட மேசையைப் பத்திக் கேட்கவே இல்ல. பொய் சொன்னேன்.”

“ஏன்?”

“என் ரூமையும் எடுத்துக்கிட்டு மேசையையும் எடுத்துக்குவாளேன்னு...”

அம்மா தன் கையை விடுவித்துக்கொண்டார். திட்டுவதை விட அது கஷ்டமாக இருந்தது.

“மேசை ஏறுதா, இறங்குதா? சீக்கிரம் சொல்லுங்கம்மா, கை கழண்டுடும் போலிருக்கு!” என்றார் கடைக்காரர்.

“இறக்குங்க,” என்றார் அம்மா. இஞ்சியின் பக்கம் குனிந்து, “பொய் சொன்னதைப் பத்தி அப்புறம் பேசுவோம்,” என்றார். அத்தையைப் பார்த்து, “இதை நீங்க வச்சுக்கறீங்களா?” என்று கேட்டார்.

அத்தை கூச்சத்தோடு பின்வாங்கினார். “அய்யோ, இவ்வளவு பெரிய மேசைய சும்மா எப்படி வாங்கிக்கறது?”

“சும்மா இல்ல அத்தை,” என்றாள் இஞ்சி. “அண்ணனுங்க ஊருக்கு வந்தா மேல அஞ்சு பேர் சேர்ந்து உட்கார இடமிருக்காது. அளந்து பார்த்துட்டேன். அப்போ நாங்க எல்லாரும் இங்கதான் சாப்பிட வருவோம். அதுவரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும்.”

அத்தை சிரித்துவிட்டார். “அண்ணனுங்க வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இன்னிக்கே எல்லாரும் இங்க சாப்பிடுங்க.”

கடைக்காரர் அண்ணன்களின் கட்டில்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். சுருட்டை மேலே போய்ப் பலகையையும் தாழ்ப்பாளையும் மாட்டினாள். இஞ்சி கீழே கொக்கிகளையும் பல்பையும் மாட்டினாள். அலமாரி அவள் வரைந்த மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. “நான்தான் சொன்னேனே, நுழையும்னு!” என்று அப்பா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும் மேசைக்கு வந்தன. ஆட்கள் ஒன்பது பேர், நாற்காலிகள் எட்டு. கண்டக்டர்கள் வாசற்படியிலேயே தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். இஞ்சியும் சுருட்டையும் ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொண்டார்கள்.

“இன்னும் பொறாமையா இருக்கா?” என்று சுருட்டை காதோடு கேட்டாள்.

இஞ்சி ஜன்னலைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். “கொஞ்சூண்டு. உனக்கு?”

“எனக்கும் கொஞ்சூண்டு.”

“அப்போ சரிதான். தள்ளி உட்காரு, விழப்போறேன்,” என்றாள் இஞ்சி.

சுருட்டை தள்ளி உட்கார்ந்தாள்.