படையலில் இருந்து எடுத்தது

காலையில் விளிம்பு வரை நிரப்பி வைத்த ஜூஸில் மாலையில் ஒரு சொட்டும் இல்லை.

வரதராஜன் இ-சிகரெட்டின் ஜூஸ் ஊற்றும் சின்னக் கண்ணாடித் தொட்டியைக் குசினி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். குலுக்கிப் பார்த்தான். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகும்போது அதை மேல்தட்டில், சீனிப் போத்தலுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போனான். ஒழுகினால் தெரியட்டும் என்று அடியில் நாலாக மடித்த டிஷ்யூவும் வைத்திருந்தான். டிஷ்யூ காய்ந்து கிடந்தது. மூன்றாவது நாளாக இதே கூத்து. இந்தச் சனியனைக் கண்டுபிடித்தவன் கையில் அகப்பட்டால் நாலு கேள்வி கேட்கலாம் என்றிருந்தது அவனுக்கு.

மூடியைக் கழற்றினான். ஜூஸை உறிஞ்ச நேற்று வைத்த வெள்ளைப் பஞ்சுத் திரி கருகிப் போயிருந்தது.

சிகரெட்டை விட்டு ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், ஆகிறது. பதினெட்டு வருடப் பழக்கத்தை அவன் ஞானம் பிறந்து விடவில்லை. ஆறு வயது ராகவிக்கு ஆஸ்மா கடுமையாகி நாலு நாள் ஆஸ்பத்திரியில் முகமூடியோடு கிடந்தாள். வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது என்று டொக்டர் கேட்டபோது கமலினி வாயே திறக்கவில்லை. கார் நிறுத்தும் இடத்துக்கு வந்த பிறகுதான் திறந்தாள்.

"இனி ஒரு நாளைக்கு இந்த வீட்டில சிகரெட் மணந்தால், நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொயிண்ட் குக்குக்கு விமலாக்காவிட்டப் போயிடுவன். பிறகு வந்து கூப்பிடாதேங்கோ."

கமலினி சொன்னால் சொன்னதுதான். அந்த அக்கா இருக்கும் மெல்பேர்னுக்கு விமான டிக்கெட் பார்த்து வைத்திருந்ததையும் அவன் கண்டான். அவனுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அந்த டிக்கெட்தான். ராகவி இல்லாத வீட்டுக்கு வேலை முடிந்து எதற்கு வருவது?

அப்படித்தான் இந்த இ-சிகரெட் குழல் வந்தது. அதையும் பல்கனியில் நின்றுதான் இழுப்பான். அதற்குள் ஜூஸைச் சூடாக்கும் கம்பிச் சுருள்களைக் கடையில் வாங்கினால் நாலு நாளில் கருகின. கிடங்கில் அவனோடு வேலை செய்யும் தன்ஸீல்தான், "நீங்களே சுத்துங்க அண்ணன், சரியான லேசு" என்று ஒரு கம்பி உருளையைக் கையில் தந்தான்.

லேசாம்! தலைமுடி மொத்தத்தில் ஒரு கம்பி. அதை இரண்டு மில்லிமீற்றர் துளைப்பான் அலகில் எட்டுச் சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டு நுனிகளையும் கடுகளவு ஆணிகளுக்குக் கீழே கொடுத்து முறுக்க வேண்டும். கூட முறுக்கினால் கம்பி அறும், குறைய முறுக்கினால் நுனி எரியும். இரண்டு சுற்று ஒன்றோடொன்று முட்டினால் ஒரு பக்கம் மட்டும் சிவந்து மறுபக்கம் செத்துக் கிடக்கும். எல்லாம் சரியாக வந்தால், மின்தடை மீற்றர் ஒன்று தசம் எட்டு என்று காட்டினால், திரியை நுழைக்கும்போது கை தட்டுப்பட்டுச் சுருள் நசுங்கும். நாற்பத்திரண்டு வயதுக் கண், பெட்டி தூக்கித் தடித்த விரல். முதல் நாள் மட்டும் ஏழு தடவை தோற்றான். மேசை முழுக்கக் கம்பித் துண்டுகள். பதினோராவது தடவைதான் சுருள் நடுவில் தொடங்கி இரு பக்கமும் ஒரே சீராகச் சிவந்தது. அன்று கிங்கிணி கட்டி ஆடாத குறைதான்.

அது அவனுடைய அண்ணன் சிறிதரன் செத்து எட்டாம் நாள் காலை.

சிறி அண்ணை நுரையீரல் புற்றுநோயில் போனான். வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் பதினொரு மாதம் அடைபட்டுக் கிடந்தபோது சிகரெட்டைத் தவிர அவனுக்கு வேறு துணை இருக்கவில்லை. வெளியே வந்த பிறகும் அந்தத் துணையை அவன் கைவிடவில்லை. கடைசிக் கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, வரதனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"ஒரே ஒரு இழுவை தாடா தம்பி. ஒண்டே ஒண்டு."

"விசராண்ணை உனக்கு? ஒட்சிசன் போகுது, எல்லாரும் சேர்ந்து எரிவம்."

சிறி அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு அவனோடு பேசவில்லை. இரண்டு நாளில் செத்துப்போனான்.

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து ஓர் அறையில் படைத்துக் கதவைச் சாத்துவார்கள். பிறகு அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போய் ஒரு சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர வேண்டும். படைத்ததில் ஒன்றும் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது; வந்தாலும், திரும்பிப் பார்த்தாலும், செத்தவரும் கூடவே வந்துவிடுவார் என்பார்கள். கமலினி இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தாள், வரதன் ஒரு கிளாஸில் சாராயம் ஊற்றினான். ஆனால் சிகரெட் இல்லாத படையலைச் சிறி அண்ணை எட்டியும் பார்க்கமாட்டான். கொளுத்தாத சிகரெட்டைக்கூட வீட்டுக்குள் கொண்டுவர வரதனுக்குத் துணிவில்லை. யோசித்து யோசித்து, காலையில் செய்து முடித்த குழலை நிரப்பி, சாராயக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

மெரிலேண்ட்ஸில் அவர்கள் தெரு முடியும் சந்தியில், மின்கம்பத்துக்குக் கீழே, எல்லாவற்றையும் வைத்த பிறகு அவன் குழலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மழை தூறியது. பதினொரு தடவை. பதினொரு தடவை சுற்றி வந்த ஒரேயொரு சுருள். இதை இந்தக் குளிரில் நனைய விட்டுப்போக அவனுக்கு மனம் வரவில்லை. காற்சட்டையில் துடைத்துப் பொக்கற்றில் போட்டுக்கொண்டான். அண்ணைதானே, கோவிக்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டான். அது புதன்கிழமை.

இன்று சனி. யூலை மாதம், ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. கமலினி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்விட்டாள், எட்டு மணிக்குத்தான் வருவாள். தடிமனும் சளியும் பிடித்த ராகவி ஹோலில் சோபாவில் போர்வைக்குள் தூங்கினாள். அவளுடைய மூச்சில் மெல்லிய விசில் சத்தம் இருந்தது. வரதன் தன்ஸீலுக்குப் போன் அடித்தான்.

"தன்ஸீல், இதுக்குள்ள ஜூஸ் தானாக் குறையுது."

"லீக்கா இரிக்கும் அண்ணன்."

"இல்லையடா. டிஷ்யூ காய்ஞ்சு கிடக்கு. திரியும் கருகிப் போச்சு."

"அப்ப ஆரோ இழுத்திருக்காங்க. இழுக்காம திரி கருகாது." சிரித்தான். "அண்ணியக் கேட்டுப் பாருங்க."

கமலினியா! எரிச்சலோடு போனை வைத்தான். மேசை விளக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய சுருளைக் கழற்றி எறிந்தான். புதிதாகச் சுற்றினான். அறுந்தது. சுற்றினான். ஆணிக்குள் நழுவியது. மூன்றாவது, நாலாவது. குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது, மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடி நின்றது, ஹோலில் ராகவியின் விசில் மூச்சு ஏறி இறங்கியது. ஏழரை மணிக்கு ஐந்தாவது சுருள் பிடித்தது. திரியை நுழைத்து, மூடியைத் திருகி, தொட்டியை நிரப்பி, மேசையில் நிறுத்தினான். பற்றறியை இன்னும் போடவில்லை. அது அவனுடைய முழங்கைக்குப் பக்கத்தில் உருளையாகக் கிடந்தது.

தொட்டியின் அடியிலிருந்து ஒரு குமிழி எழுந்தது.

இழுக்கும்போது எழும் குமிழி அது. வாயை வைத்து உறிஞ்சினால்தான் ஜூஸ் திரிக்குள் இறங்கும், அதன் இடத்துக்குக் காற்று குமிழியாக ஏறும். வரதன் கையை எடுத்துக்கொண்டான். இரண்டாவது குமிழி வந்தது. மூன்றாவது. ஜூஸின் மட்டம் ஒரு நூல் அளவு இறங்கியது.

மூடியை ஒழுங்காகத் திருகவில்லை, காற்றுப் போகிறது என்று நினைத்தான். அப்படித்தான் நினைக்க விரும்பினான். அப்போதுதான் மணம் வந்தது. ஜூஸின் வனிலா மணம் அவனுக்குத் தெரியும். இது புகையிலை. எரிந்துகொண்டிருக்கும் சிகரெட், அதன் காரம், ஈரத் துணியில் ஊறிய பழைய புகை, எல்லாம் சேர்ந்து குசினியை நிறைத்தது.

முதலில் அவனுக்குப் பேய் ஞாபகம் வரவில்லை. கமலினிதான் ஞாபகம் வந்தாள்.

எழுந்து ஓடி யன்னல்களைத் திறந்தான். பல்கனிக் கதவைத் திறந்தான். துவாயை எடுத்து வீசினான். அவள் எட்டு மணிக்குக் கதவைத் திறந்து மூக்கைச் சுளிப்பாள். நான் பிடிக்கவில்லை என்று எந்தக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாள். நாளைக்குப் பிள்ளை மெல்பேர்னில் நிற்கும். ஐந்து கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு இதுவா பலன்? அழுகையே வந்துவிட்டது. குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. ராகவி தூக்கத்தில் இருமினாள். இரண்டு சின்ன இருமல், பிறகு நீளமாக ஒன்று.

திரும்பினான். மேசைக்கு எதிர்ப்புறக் கதிரை சற்றுப் பின்னால் தள்ளியிருந்தது. அவன் தள்ளவில்லை.

குழலின் வாய்த் துளைக்குள் சிவப்பு.

பற்றறி மேசையில் கிடந்தது. சுருள் சிவந்தது. குமிழிகள் எழுந்தன. சிவப்பு நெடுநேரம் நின்றது, விடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு ரசிப்பவன்போல. பிறகு மங்கியது. கதிரையின் மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில், யாருமில்லாத இடத்திலிருந்து வெண்புகை வெளியே வந்தது.

"அண்ணை," என்றான்.

மறுபடி சிவந்தது. தொட்டி பாதியானது. இன்னும் நாலு இழுவை. அது முடிந்தால்? ஹோலில் ராகவியின் விசில் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தான். சுருள் மங்கியதும் விசில் மறுபடி கேட்டது. சிவந்தது. நின்றது. மங்கியது. கேட்டது.

துவாயைப் போட்டுக் குழலை அள்ளினான். துணிக்குள் கொதித்தது. பிள்ளையைத் தனியே விட்டுப் போகக்கூடாது, தெரியும். இதோடு அவளைத் தூக்கிக்கொண்டும் போகமுடியாது. ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடம். செருப்புப் போடாமல் படிகளில் இறங்கினான்.

சந்தியில் யாரும் இல்லை. மின்கம்பத்துக்குக் கீழே குழலை வைத்தான். "உனக்குத்தானண்ணை. முழுக்க உனக்குத்தான். பிள்ளையை விடு." திரும்பினான். நடந்தான். வீட்டு வெளிச்சம் முன்னால் தெரிந்தது, திறந்து கிடந்த பல்கனிக் கதவும் தெரிந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது. பத்து அடி. இருபது. பார்க்கக்கூடாது.

ராகவி இருமினாள். இரண்டு சின்ன இருமல், பிறகு நீளமாக ஒன்று.

எந்தத் தகப்பன் நிற்பான்? திரும்பிப் பார்த்தான்.

பார்த்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. வீடு முன்னால் இருந்தது. இருமல் பின்னால் கேட்டது.

மின்கம்பத்துக்குக் கீழே குழல் கிடந்தது. தொட்டி வெறுமை. சிவப்பு இல்லை. யாரும் இல்லை.

ஓடினான். படிகள். கதவு. வீட்டுக்குள் சிகரெட் மணமே இல்லை. குசினியில் இல்லை, ஹோலில் இல்லை. குளிர்காற்று மட்டும். கமலினிக்கு மணக்க ஒன்றும் மிச்சமில்லை. சோபாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தான். ராகவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். விசில் சத்தம் இல்லை. ஐந்து கிழமையாக இவ்வளவு அமைதியாக அவள் தூங்கி அவன் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது. நன்றி என்று யாருக்கோ சொன்னான்.

நெற்றியில் முத்தமிடக் குனிந்தான்.

சிகரெட் மணம் அவளுடைய மூக்கிலிருந்து வந்தது.

போர்வையை விலக்கினான். தொண்டைக்குழிக்குக் கீழே, தோலுக்கு உள்ளே, ஒரு சிவப்பு. கடுகளவு. மூச்சை இழுத்தாள். அது பெரிதானது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கீழே கராஜ் கதவு ஏறும் சத்தம். கமலினியின் கார்.

"ராகவி. விடம்மா. மூச்சை விடு."

சிவப்பு ஏறியது. நெஞ்சு ஏறியது. உதடுகள் குவிந்து இறுகின.

அவள் விடவில்லை.