மாற்றி வைத்த எலி

அந்த எலியின் தலையில் யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் ஸ்கேன் படத்தில், அதன் மூளையின் இடப்பக்கம், மிளகளவு ரத்தம் கருத்துக் கிடந்தது.

முத்துச்செல்வி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குற்றாலம் சாலையில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் வேலையே இதுதான். மயக்கம் கொடுத்த எலியின் தலைமேல் ஒரு குழாய் வழியே பித்தளைக் குண்டை விழவிட்டு, அதிர்ந்த மூளை எப்படி வீங்குகிறது, எங்கே கசிகிறது என்று நாள்தோறும் படமெடுப்பாள். ஒப்பிட்டுப் பார்க்க அடிபடாத எலிகளையும் எடுப்பாள். வாலில் சிவப்பு நகப்பூச்சு வைத்த இந்த எலி அப்படி ஒன்று.

உண்மையில் இது அடிபட வேண்டிய எலி. போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்த மகள் ஸ்வாதி, இதை அடிக்கக் கூடாதென்று அழுது, தன் விரல்களுக்குப் பூசிக்கொண்டிருந்த நகப்பூச்சையே அதன் வாலிலும் தொட்டு வைத்தாள். முத்துச்செல்வி கூண்டுகளை மாற்றிவிட்டாள். பதிலுக்கு வேறொன்று குழாயின் கீழே போனது. அதன் மண்டை முட்டை ஓடு மாதிரி உள்வாங்கியது.

"அண்ணாச்சி, இதை நீங்க எங்கயும் கீழ போட்டியளா?"

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் சிவசைலம் சிரித்தார். "நான் ஏன் மேடம் போடுதேன்? பாப்பா சிபாரிசுல தப்பிச்ச ஆளுல்லா இவரு!" பிறகு படத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "எங்க மாடன் கோயில்ல நேந்துவிட்ட கிடாயை மாத்த மாட்டோம். மாத்துனா சாமி வீடு தேடி வந்துரும்பாவ."

"சும்மா இருங்க அண்ணாச்சி."

வெளியே சாரல் மலையை மறைத்து இறங்கி, மதியத்தையே அந்தியாக்கி, ஜன்னல் கண்ணாடியில் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்க, உள்ளே நனைந்த மரத்தூளின் வீச்சமும் மயக்க மருந்தின் தித்திப்பும் கலந்து தொண்டையில் படிந்தன. எலியை மீண்டும் உள்ளே செலுத்தினாள். எந்திரம் டக் டக் டக்கென்று இடிக்கத் தொடங்கியது.

இப்போது ரத்தம் புளியங்கொட்டை அளவு.

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. பக்கத்து அறையில் ஸ்வாதி இருந்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"படம் வரையுதேன்மா." பென்சில் உருளும் சத்தம். "தலை வலிக்கிம்மா."

"எங்கன?"

பாதி திறந்த கதவு வழியே பார்த்தாள். மகளின் சிறிய கை இடது நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தது.

மூன்றாவது படம் வரிவரியாகத் திரையில் இறங்கியது. எலியின் மூளை உரித்த பாதாம் பருப்பு போல வழுவழுப்பானது. இதில் மடிப்புகள் இருந்தன. சுருள் சுருளாக, நெருக்கமாக, மனித மூளையின் மடிப்புகள். நடுவே அந்தக் கறுப்பு, படத்துக்குள்ளேயே மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

"அம்மா, ரொம்ப வலிக்கி."

சிவசைலம் அவள் காதருகே முணுமுணுத்தார். "சாமி கேட்டதைக் கொடுத்திருங்க மேடம். இப்பவே."

படித்ததெல்லாம் அவளைத் தடுத்தது. மகளின் முனகல் தள்ளியது. எலியை எடுத்தாள். அதன் உடம்பு அனலாய்ச் சுட்டது. குழாயின் கீழ் வைத்தாள். இடது பக்கம். கயிற்றை இழுத்துக் குண்டை உச்சிக்கு ஏற்றினாள்.

விட்டாள்.

எலும்பு உடையும் சத்தம்.

எலி கண் திறந்தது. எழுந்து உட்கார்ந்தது. முன்னங்கால்களால் மீசையைத் துடைத்துக்கொண்டது. தலையில் ஒரு கீறல் இல்லை.

பக்கத்து அறையில் நாற்காலி சரிந்தது.

"ஸ்வாதி?"

மழை.

"ஏட்டி?"

கதவிடுக்கில், தரையோடு தரையாக, ஒரு கை. சிவப்பு நகங்கள் தரையைப் பிறாண்டின. பிறாண்டின. நின்றன. விரல்களுக்கு அடியிலிருந்து நகப்பூச்சைவிடச் சிவப்பாக ஒன்று அவள் பாதத்தை நோக்கி வந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், யாரும் தொடாத கயிறு இழுபட்டது. குழாய்க்குள் குண்டு உரசி உரசி மறுபடியும் மேலேறிக்கொண்டிருந்தது.