துணைமூச்சு

காலையில் கண் விழித்ததும் ஏழாம் அடுக்கில் எல்லோரும் செய்வதை அற்புதமேரியும் செய்தாள். சுவரிலிருந்த குழலில் வாய் வைத்து ஊதினாள். சுவர் அவள் நுரையீரலை அளந்து, அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு காற்று என்று சொன்னது. செவ்வாயில் குடியேறி மூன்று தலைமுறை ஆகியும் அங்கே காற்று ரேஷன்தான். உழைக்கிறவருக்கு முழுப் பங்கு. உழைக்க முடியாமல் படுத்துவிட்டால் உறைகூடம். புதிய காற்று நிலையம் கட்டி முடிக்கும்வரை குளிரில் தூங்க வைப்பார்கள். அது சாவு அல்ல என்று நிர்வாகம் சொல்லும். ஆனால் இதுவரை யாரையும் எழுப்பியதில்லை.

அடுத்து அவள் கணவன் சவரிமுத்து ஊதினார். சுவர் சிவப்பாக மாறியது. குழாய் பழுதுபார்ப்பவராக வெளிநிலத்தில் உழைத்தவர். செம்புழுதி நெஞ்சில் இறங்கி, சில மாதங்களாகப் படுக்கையில்தான் இருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை மன்றத்துக்கு வரவேண்டும் என்றது சுவர்.

"பயப்படாதீங்க. நம்ம சட்டம் இருக்கு" என்றாள் மேரி.

உண்மையிலேயே அது அவளுடைய சட்டம். ஏழாம் அடுக்கில் நல்லது என்று எது நடந்திருந்தாலும் அதில் மேரியக்காவின் கை இருந்தது. காற்றுக்குழாய் கசிந்து குழந்தைகள் மயங்கி விழுந்த வருடம், நிர்வாக அலுவலகத்தின் வாசலில் குழாயை மாற்றும்வரை சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்தவள் அவள். மேல் அடுக்குக்கு மட்டுமே இருந்த வெயில்கூடத்தைக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கும் திறக்க வைத்தாள். அவளுடைய பெரிய வெற்றி துணைமூச்சுச் சட்டம். நோயாளியின் அண்டை அயலார் இருபது பேர் மன்றத்துக்கு வந்து நின்று, ஆளுக்குக் கொஞ்சம் தங்கள் காற்றை விட்டுக்கொடுத்தால் நோயாளி வீட்டிலேயே இருக்கலாம். நேரில்தான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவள்தான். திரை வழியாக வரும் ஒப்புதலை நிர்வாகத்தால் இல்லையென்று அழித்துவிட முடியும், நிற்கிற ஆளை யாராலும் அழிக்க முடியாது என்பது அவள் வாதம்.

எத்தனையோ பேருக்காக அவள் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆள் சேர்த்திருக்கிறாள். தன் புருஷனுக்கென்று வந்தபோது கை கூசியது. செய்ததற்குக் கூலி கேட்பது போலிருக்குமே என்று தோன்றியது. மணிக்கட்டுத் திரையில் அடுக்கு முழுவதற்கும் ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்.

பூக்கள் வந்தன. ஒருவர் சொன்னது தன் மனதைத் தொட்டது என்று காட்ட அங்கே திரையில் பூப்போடுவார்கள். அடுக்கில் பூப்போடாத வீடு இல்லை. சவரிமுத்து அவள் கையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இத்தனை பேர் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று குழந்தை போலச் சந்தோஷப்பட்டார்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அவளையும் சேர்த்து.

எண்ணும் இயந்திரம் பொறுமையாகத்தான் இருந்தது. சட்டம் அனுமதித்த நேரம் முழுவதும் காத்திருந்தது. மேரி வாசலுக்கும் அவருடைய சக்கர நாற்காலிக்கும் இடையே நடந்தபடி இருந்தாள். ஒருகட்டத்தில் அவர் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"விடு மேரி. அவங்கவங்களுக்கு வேலை இருக்கும்."

அன்று மதியமே கூட்டிப்போய்விட்டார்கள். கண்ணாடி மூடி இறங்குவதற்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றுதான். "எழுப்பும்போது நீ பக்கத்துல இருப்பியா?" இருப்பேன் என்று தலையாட்டினாள்.

செய்தி தெரிந்து அடுக்கே அவள் வீட்டு வாசலில் திரண்டது. உண்மையாகவே அழுதார்கள். அடுக்கின் திரைகளைப் பராமரிக்கும் ஜெயந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எல்லாரும் பூப்போட்டிருந்தாங்கக்கா. அத்தனை பேர் போறாங்களே, நான் ஒருத்தன் வேலைக்குப் போனா என்னன்னு நெனச்சுட்டேன்." அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் முகத்திலும் அதே பதில்தான் இருந்தது. மேரி யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒருவராவது கெட்டவராக இருக்கவேண்டுமே.

இனி யாருக்கும் இப்படி நடக்கக்கூடாது என்று அவர்களே கிளம்பினார்கள். மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள். திரையில் போடும் பூவையும் நேரில் வந்ததாகவே கணக்கிட வேண்டும், பூப்போட்டவரின் பங்கிலிருந்து தானாகவே காற்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். அதற்கு அற்புதமேரி திருத்தம் என்று பெயர். பாராட்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, அவள் செய்த சேவைகளையெல்லாம் ஒருவர் உருக்கமாக வாசித்தார். நேரில் நிற்கிற ஆளைத்தான் அழிக்க முடியாது என்று எழுந்து சொல்ல நினைத்தாள். ஆனால் பூவை எண்ணியிருந்தால் அவர் இப்போது வீட்டில் இருந்திருப்பாரே என்ற நினைப்பு தடுத்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சில வாரங்களில் தில்லைநாயகியின் வீட்டுச் சுவர் சிவப்பாக மாறியது. பொதுச் சமையற்கூடத்தில் அடுக்குக்கே சமைத்துப் போட்டவள், பார்வை போய்விட்டது. இந்த முறை மேரி கூச்சப்படவில்லை. ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டினாள். எல்லோரும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இப்போது நேரில் வரவேண்டியதில்லையே அக்கா, பூப்போட்டுவிடுகிறோம், நீங்கள் ஏன் இந்த வயதில் அலைகிறீர்கள் என்று கரிசனமாகச் சொன்னார்கள்.

மன்றத்தில் அன்று பெரிய திரை ஒன்று வைத்திருந்தார்கள், பூக்கள் விழுவதைப் பார்க்க. தில்லைநாயகி மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை பூ என்று அடிக்கடி கேட்டாள். வந்துகொண்டிருக்கிறது என்று மேரி சொன்னாள். நேரம் முடிகிறவரை அதையே சொன்னாள். திரையில் ஒரு பூ இருந்தது. அது மேரி போட்டது.

உறைகூடத்திலிருந்து தனியாக வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டு அதிர்ந்தது. ஒரு கண்ணீர்த்துளி. இதுவரை பார்த்திராத அடையாளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று, பிறகு பத்து, பிறகு நிற்காமல். அடுக்கிலிருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும், தில்லைநாயகிக்காக.

மேலே ஜெயந்தனின் குறிப்பு ஒன்று இருந்தது. பூவை எண்ண ஆரம்பித்ததிலிருந்து மனதில் இருப்பதைச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது என்று பலரும் வருத்தப்பட்டதால், அவன் இந்தப் புதிய துளியைச் செய்திருக்கிறான்.

'இது எந்தக் கணக்கிலும் சேராது. தாராளமாகப் போடலாம்.'