ஒரே இடுப்பில் இரண்டு புள்ளிகள்

திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகளும் விடிந்ததிலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று ஒன்று பின்தங்கியது.

சின்னசேலத்தைத் தாண்டியிருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனில், லைன் பராமரிப்பு அலுவலகத்துக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த டயானா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். வெளியே மார்கழிப் பனி, கல்வராயன் மலை எந்தப் பக்கம் என்றே தெரியாதபடி எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நின்றுகொண்டு, தண்டவாளத்துக் கிரீஸ் வாடையையும் எங்கோ கரும்புச் சோகை எரிகிற வாடையையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. லைனில் நடக்கிற ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு ஜிபிஎஸ் கருவி உண்டு. ஆள் இருக்கிற இடத்தை அது திரையில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். வண்டி நெருங்கினால் கூவும். அது வந்ததிலிருந்து இந்தப் பகுதியில் ஒருவரும் அடிபட்டதில்லை.

ஆனால் நம் ஆட்கள் எதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துவிடுவார்களே. லீவு கிடைக்காதவர் கருவியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவார். கூட்டாளி இரண்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று லைன் ஆள் வேடியப்பன் நேற்றுச் சாயங்காலமே மலை மேலிருக்கும் வெள்ளிமலைக்கு ஜீப் ஏறிவிட்டார். அவருடைய கருவியைச் சுமப்பது டயானாவின் புருஷன், தண்டவாளத்தின் பிடிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டே நடக்கும் கீமேன் ரெக்ஸ். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

செல்போனில் ரெக்ஸைக் கூப்பிட்டு, ஒன்று அவிழ்ந்து விழுந்துவிட்டதா பாருங்கள் என்றாள். அவன் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டும் பத்திரமாக இருக்கின்றன என்றான். பின்தங்கிய புள்ளி அதற்குள் நகர ஆரம்பித்திருந்தது. ரெக்ஸ் நின்றால் நின்றது. அவன் நடந்தால் நடந்தது. போனில் அவன் காலடியில் ஜல்லி நொறுங்குவது கேட்டது. கொஞ்சம் தள்ளி, அதே நடையில், இன்னொரு ஜல்லிச் சத்தமும் கேட்டது.

"பின்னால யாரோ வராங்க போலக்குது," என்றான் ரெக்ஸ். "பனியில ஒண்ணும் தெரியல."

அப்போது மேஜை மேலிருந்த ஆபீஸ் போன் அடித்தது. வேடியப்பனின் மனைவி தைலம்மாள். பேச்சு பாதி, அழுகை பாதி. ராத்திரி மலைப்பாதையில் ஜீப் உருண்டுவிட்டதாம். விடிந்த பிறகுதான் பள்ளத்தில் ஆளைக் கண்டார்களாம். உடம்பு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறதாம்.

டயானா திரையைப் பார்த்தாள். திரையில் வேடியப்பன் நடந்துகொண்டிருந்தார்.

பக்கத்து ஸ்டேஷனிலிருந்து சரக்கு வண்டி கிளம்பிவிட்டிருந்தது. அடுத்த அறையில் ஸ்டேஷன் மாஸ்டர் தனசேகரன் இருக்கிறார்; சொன்னால் நிறுத்திவிடுவார். ஆனால் என்னவென்று சொல்வது? இரண்டு கருவி விஷயம் வெளியே வந்தால் ரெக்ஸின் வேலை போய்விடும். எழுந்தாள். உட்கார்ந்தாள். அதற்குள் போனில் கருவிகள் கூவின. லைனை விட்டு இறங்கிவிட்டேன் என்றான் ரெக்ஸ். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

பிறகு அவன் சொன்னான்: "டயானா, நம்ம வேடியண்ணன்தான். லைன்ல நிக்கிறாரு. கட்டை சந்துல காலு மாட்டிக்கினு இருக்குது. கூப்புடுறாரு."

"போவாதீங்க. அவரு செத்துட்டாருங்க. ராத்திரியே செத்துட்டாரு."

"இன்னா பேசற நீ? கண்ணு முன்னால நிக்கிறாரு. வண்டி வர்றப்ப எப்புடி வுட்டுட்டு நிக்கறது?"

ஓடினாள். தனசேகரனின் கதவைத் தள்ளிக்கொண்டு விழுந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாக்கிடாக்கியை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டார். போனில் ஹாரன். நீளமாக. இன்னும் நீளமாக. இரும்பு இரும்பை அரைக்கிற சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

வாக்கிடாக்கியில் டிரைவர் பேசினார். முன்னால் இரண்டு பேர் நின்றார்களாம். இறங்கிப் பார்த்தால் ஒருவர்தான் கிடக்கிறாராம். உயிர் இல்லையாம்.

டயானா அழவில்லை. அழுகை வரவில்லை. எப்படியோ நடந்து கணினிக்குத் திரும்பினாள். இரண்டு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. நகர்ந்தன. ஸ்டேஷனை நோக்கி.

போன் இன்னும் கையில்தான். துண்டிக்கப்படவில்லை. ஜல்லிச் சத்தம். இரண்டு பேர் நடை.

பிளாட்பாரத்துக்கு வந்தாள். பனி. தண்டவாளத்தில் யாரும் இல்லை. ஜல்லிக் கற்கள் மட்டும் அழுந்தின. இங்கே ஒன்று. அங்கே ஒன்று. ஜோடி ஜோடியாக. கிட்ட வந்தன. அவள் காலுக்குக் கீழே, பிளாட்பார ஓரத்தில் நின்றன.

"டயானா," என்றது போன். ரெக்ஸின் குரல்தான். களைத்துப்போன குரல். "கை குடு. மேல ஏறணும்."

அவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் குரலாயிற்றே. குனிந்தாள். பனிக்குள் கையை நீட்டினாள்.

இரண்டு பேர் பிடித்தார்கள்.