பத்துக்குக் கீழே

காலை ஆறு மணிக்குக் கட்டிலருகே இரத்தத்தில் மருந்தளவு காட்டும் அளவி கூவியதும், பவளக்கொடி கணவன் இருசப்பனின் விரலைத் துடைத்து அதில் வைத்தாள். பதினேழு. வாசல் கதவின் பச்சை விளக்கு மாறவில்லை. இன்றும் அவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

அவருடைய செயற்கை இடுப்பு மூட்டில் சீழ் பிடித்ததால் அதைக் கழற்றிவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமெண்டு மூட்டு ஒன்றைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். அரசு அதற்கு இட்ட பெயர் இடைமூட்டு. கிருமி ஒழிந்தால் புது மூட்டு கிடைக்கும். அதற்குள் சிமெண்டிலிருந்து கசியும் மருந்து தீர்ந்துபோனால், எதற்கும் அடங்காத கிருமி அந்தச் சிமெண்டிலேயே வளரும். அப்படி வளர்ந்த ஒன்றுதான் ஊரில் பாதித் தெருக்களைக் காலி செய்திருந்தது. அதனால்தான் சட்டம்: இரத்தத்தில் மருந்தளவு பத்துக்குக் கீழே போனால் ஆளை ஊருக்கு வெளியே வேலி போட்டு அடைத்த வேலியகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிருந்து இதுவரை யாரும் திரும்பவில்லை.

போன வாரம் அளவு பதினொன்றுக்கு இறங்கியது. அன்று அவர் வாந்தியெடுத்து, தண்ணீரே குடிக்காமல் கிடந்தார். மறுநாள் பதிமூன்று. தண்ணீர் குறைந்தால் எண் ஏறுகிறது என்று கண்டுகொண்ட பவளக்கொடி அன்றிலிருந்து தண்ணீரை விரற்கடை அளவே ஊற்றினாள்.

"நாக்கு ஒட்டிக்குதுடி. இன்னொரு வாய் குடு."

"வேலியகத்துல குடம் குடமாக் குடுப்பாங்க. போறீங்களா?"

"உன் வாய்க்கு அதுவே தேவலாம்."

எண் ஏறியது. இருபத்திரண்டு. முப்பத்தொன்று. அவர் முகம் உப்பியது, கால் வீங்கியது, பேச்சு குழறியது. அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தொட்ட அன்று மதியம் அவர் மூச்சு நின்றது.

உடலை எடுக்க வந்த அலுவலர் முகக்கவசத்தைக் கழற்றாமலே பேசினார்.

"கிட்னி செத்துப்போச்சும்மா. மருந்து வெளியேற வழியில்லாம ரத்தத்துலயே தேங்கிருச்சு. தண்ணி குடுக்கலையா?"

"பத்துக்குக் கீழ போனா தூக்கிட்டுப் போயிருப்பீங்களே."

"சட்டம் என்ன நான் போட்டதா?"

மூன்றாம் நாள் எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு வந்தாள். அவள் கணவனுக்கும் இடைமூட்டுதான். துக்கம் கேட்க வரவில்லை.

"அக்கா, அண்ணனுக்கு மட்டும் எப்படி நாப்பது வரைக்கும் ஏறுச்சு? தண்ணியக் கொறைச்சியாமே. என் வீட்டுக்காரருக்கு இன்னிக்குப் பதினொன்னு."

"கொறைக்காதடி. நெறையக் குடு."

"குடுத்தா எறங்குமே!"

"எறங்கட்டும். இல்லாட்டி செத்துருவாரு."

சின்னப்பொண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உம் புருசன் உம் மடியில செத்தாரு. என் புருசன் மட்டும் வேலிக்குள்ள போகணுமா? நல்ல மனசுக்கா உனக்கு."

கதவை அறைந்துவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து ஓர் ஆண்குரல் தண்ணீர் கேட்டது. மறுபடியும் கேட்டது. பவளக்கொடி ஒரு சொம்பை நிறைத்துக்கொண்டு ஓடினாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.